சூடு வைத்த மீட்டர்

வேளச்சேரி, ஏரிக்குப் பின்தெரு, நான்காவது மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
மெம்பிரேன், இரண்டு கேண்டில், ஸ்பேனர், பில் புத்தகம்
எல்லாம் என் தோளேறி வந்தன.

போர் தண்ணீர்: ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
வடிகட்டிய பின்: நாற்பத்திரண்டு.

குணாளன் சாருக்கு நம்பிக்கையில்லை.
டம்ளரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கொட்டி
டங்டங்கென்று கலக்கினார்.
என் கையிலிருந்து மீட்டரைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டார்.
நாற்பத்திரண்டு.
துடைத்துவிட்டு மறுபடி. நாற்பத்தொன்று.

"இவ்ளோ சர்க்கரை இதுக்குத் தெரியலையா?
சூடு வெச்ச மீட்டராம்மா இது?
ஆட்டோக்காரன் தேவல."

மூன்று வருடம் வேதியியல் படித்தேன், இரண்டு அரியர்.
பதில் எனக்குத் தெரியும்.
எங்கே தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை.

கல்லூரி லேபில் ஹெலன் மிஸ்
மண்ணெண்ணெய் புட்டியிலிருந்து சோடியத்தை எடுத்து
வெண்ணெய் மாதிரி வெட்டினார்.
பட்டாணி அளவுதான்.
தொட்டித் தண்ணீரில் பட்டதும் அலறிக்கொண்டு ஓடி
மஞ்சளாய்த் தீப்பிடித்து வெடித்தது.
முன்வரிசையில் நின்ற எனக்குப் புருவத்தில் பாதி போயிற்று.
அன்று மதியம் டப்பாவில் தயிர்சாதம்.
அதிலும் சோடியம்.
ஒன்றும் வெடிக்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பேருந்தாக.
சோடியம் அணு பதினொன்றாம் நம்பர் பஸ்.
உள்ளே இருவர், நடுவில் எட்டுப் பேர்,
ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு ஒருவன்.
மொத்தம் பதினொரு எலக்ட்ரான்,
கருவில் பதினொரு புரோட்டான்,
கணக்கு நேர்; ஆனால் தொங்குகிறவனால்
வண்டிக்கு நிம்மதியில்லை.
எந்த நிறுத்தத்திலும் அவன் குதிப்பான்.
குதித்த பின் ஓடுகிற வண்டிதான் அயனி.
பத்துப் பேர், ஒன்று கூட்டல் மின்சுமை.
நெற்றியிலிருக்கும் நம்பர் மட்டும் மாறாது.
பதினொன்று பதினொன்றுதான்.
எதிரே குளோரினில் ஓர் இருக்கை காலி.
தனித்திருந்தால் தொண்டையை அறுக்கிற அது
குதித்தவனை உட்காரவைத்துக்கொண்டதும்
ஊறுகாய் ஜாடியில் சாதுவாய்ப் படுத்துக்கொள்ளும்,
ஒன்று கழித்தல் மின்சுமையோடு.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
"கொஞ்சம் உப்பு குடுங்க சார்" என்றேன்.

வேறு டம்ளர், அதே தண்ணீர்.
இரண்டு விரலால் ஒரு சிட்டிகை.
எண்கள் முந்நூறு, எழுநூறு என்று தாவி
ஆயிரத்து முந்நூற்றில் போய்தான் மூச்சுவிட்டன.

"சர்க்கரை உடையாது சார், முழுசு முழுசாக் கரையும்.
உப்பு ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும்.
பிரிஞ்சதுங்க மேல சுமை இருக்கும்.
சுமை இருக்கறதத்தான் இது எண்ணும்.
சும்மா இருக்கறது கோடிக்கணக்குல இருந்தாலும்
இதுக்குக் கண் தெரியாது."

சமையலறையிலிருந்து அவர் மனைவி,
குக்கரை விட்டுத் திரும்பாமலே:
"அந்தப் பேனாவ இங்க கொண்டாம்மா,
நான் எவ்ளோ காட்டறேன்னு பாக்கலாம்."

சார் சிரிக்கவில்லை.
சர்க்கரைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.
உப்புத் தண்ணீரை என்ன செய்வதென்று யோசித்து
மணி பிளான்டில் ஊற்றப் போனவரை நான் தடுத்தேன்.
பில்லில் இருநூறு குறைக்கச் சொன்னார்.
நூறு குறைத்தேன்.

கீழே ஸ்கூட்டி எழவில்லை.
பேட்டரிக்குள் அயனிகள் வேலைநிறுத்தம்.
ஆறாவது உதையில் இருமிக்கொண்டு கிளம்பியது.
மேலுதட்டு வியர்வை நாக்கில் பட்டது.
தண்ணீரைக் கண்டால் தீப்பிடிக்கும் அதே பெயர்,
என் மேல், ஈரமாக, சத்தமில்லாமல்.

அடுத்தது பள்ளிக்கரணை.
அங்கே இரண்டாயிரத்தைத் தாண்டும்.